'அன்ஃபர்கிவன்': சிறைக்கு வெளியே தொடரும் ஆயுள் தண்டனை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன தொடர்?

பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் 2009 ஜனவரியில் வந்த மூன்று பகுதித் தொடர். எழுதியவர் சாலி வெயின்ரைட், இயக்கியவர் டேவிட் எவன்ஸ், தயாரித்தது மான்செஸ்டரைச் சேர்ந்த ரெட் புரொடக்‌ஷன் நிறுவனம். தலைப்பைத் தமிழில் 'மன்னிக்கப்படாதவள்' என்று சொல்லலாம். 'மன்னிக்கப்படாதவர்கள்' என்று பன்மையில் சொன்னாலும் தப்பில்லை. ஆங்கிலத் தலைப்பு ஆளையும் எண்ணிக்கையையும் சொல்லாமல் விட்டிருப்பது வேண்டுமென்றே செய்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

வடக்கு இங்கிலாந்தில் ஒரு பண்ணைவீடு. அதைக் காலி செய்ய வைக்க வந்த இரண்டு போலீஸ்காரர்கள் அங்கே சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். அந்த வீட்டுப் பெண் ரூத் ஸ்லேட்டர் கொலைக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போகிறாள். வீட்டில் அவளோடு இருந்த குட்டித் தங்கை கேட்டியை வேறொரு குடும்பம் தத்தெடுத்துக்கொள்கிறது. பெயரும் லூசி பெல்கோம்ப் என்று மாறிவிடுகிறது.

15 வருடம் கழித்து ரூத் வெளியே வருகிறாள். தொடர் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: தங்கையைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதே நேரத்தில், செத்துப்போன போலீஸ்காரர் ஒருவரின் இரண்டு மகன்களுக்கு அவள் வெளியே வந்த செய்தி எட்டுகிறது.

துப்பறிபவர் யாரும் இல்லையே, இது எப்படிக் குற்றத் தொடர் ஆகும்?

நல்ல கேள்வி. வழக்கமான குற்றத் தொடரில் முதல் காட்சியில் பிணம், கடைசிக் காட்சியில் விலங்கு. இங்கே பிணம் விழுந்து 15 வருடம் ஆகிவிட்டது, விலங்கையும் கழற்றியாகிவிட்டது. போலீஸ் தன் வேலையை முடித்துவிட்டது, நீதிமன்றமும் முடித்துவிட்டது. மிச்சம் இருப்பது மனிதர்கள் மட்டும்தான். ஆனாலும் மூன்று பகுதியிலும் நாற்காலி நுனியில் உட்கார வைக்கிறது. அடுத்த குற்றம் எந்த வீட்டிலிருந்து கிளம்பப்போகிறது என்ற பயம் முதல் பகுதியிலேயே வந்துவிடுவதால்தான் அப்படி.

கதையில் யார் யார்? பெயர்கள் குழப்புகின்றன.

மூன்று வீடுகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது, அந்தப் பழைய பண்ணைவீடு. இப்போது அங்கே ஜான் இங்கிராம் என்ற வழக்கறிஞரும் அவர் மனைவி இஸ்ஸியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பீட்டர் டேவிசன், ஷிவான் ஃபினரன் நடித்திருக்கிறார்கள். இரண்டாவது, கேட்டியை வளர்த்த மைக்கேல், ரேச்சல் பெல்கோம்ப் தம்பதியின் வீடு: டக்ளஸ் ஹாட்ஜ், ஜெம்மா ரெட்கிரேவ். லூசியாக எமிலி பீச்சம். மூன்றாவது, செத்துப்போன போலீஸ்காரரின் மகன்களான வீலன் சகோதரர்கள், ஸ்டீவும் கியரனும். ஜாக் டீமும் மேத்யூ மெக்நல்டியும். ரூத்தாக சுரான் ஜோன்ஸ். ரூத்தை விரும்பத் தொடங்கும் பிராட் என்பவராக வில் மெல்லர்.

ரூத்துக்கு மட்டும் வீடு கிடையாது. அவள் மற்றவர்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டே இருக்கிறாள்.

அந்தப் பண்ணைவீட்டுக் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அப்படி என்ன இருக்கிறது அதில்?

பெரிதாக எதுவும் நடப்பதில்லை. வெளியே வந்த ரூத் பழைய வீட்டைத் தேடிப் போகிறாள். அவளுக்குத் தெரிந்த வீடு வறுமைப்பட்ட குடும்பத்தின் வீடு. இப்போது அது வசதியானவர்கள் வாங்கி, இடித்துக் கட்டி, அழகுபடுத்திக்கொண்ட வீடு. கல் சுவர் அதேதான். உள்ளே வெளிச்சம் வேறு. யாரோ ஒரு பெண் வெளியே நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு உள்ளே இருப்பவர்களுக்கு உறுத்துகிறது, ஜான் அவளிடம் பேச்சுக் கொடுக்கிறார். அந்தப் பேச்சுதான் பிறகு எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகிறது.

அந்த இடத்தில் சுரான் ஜோன்ஸின் உடலைப் பாருங்கள். தோள் உள்நோக்கி ஒடுங்கியிருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில். நீண்டகாலம் உள்ளே இருந்தவர்கள் பலர் சொல்லும் ஒரு விஷயம் உண்டு: வெளியே வந்த புதிதில் கதவுக்கு முன்னால் போய் அப்படியே நின்றுவிடுவார்களாம், யாராவது திறந்துவிடுவார்கள் என்று. வருடக்கணக்கில் தன் கையால் ஒரு கதவைத் திறக்காதவர்களின் பழக்கம் அது. ரூத்தின் ஒவ்வொரு அசைவிலும் அந்தக் காத்திருப்பு தெரிகிறது.

இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்றவளை 15 வருடத்தில் விட்டுவிடுவார்களா? நம்பும்படி இல்லையே.

சட்டப்படி பார்த்தால் கதையின் பலவீனமான இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இங்கிலாந்தில் 1965ஆம் ஆண்டுச் சட்டம் கொலைக்கான மரண தண்டனையை நிறுத்தியதிலிருந்து, கொலைக்குக் கட்டாய ஆயுள் தண்டனை. குறைந்தபட்சம் எத்தனை வருடம் உள்ளே இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு கணக்கு வைப்பார்கள். அந்தக் காலம் முடிந்தால் உடனே கதவு திறக்காது. அதன் பிறகுதான் பரோல் வாரியத்தின் முன் கோரிக்கையே போகும். வெளியே விட்டால் பொதுமக்களுக்கு ஆபத்தில்லை என்று வாரியம் நம்பினால்தான் விடுதலை.

கதைப்படி ரூத்தின் குற்றம் 1990களின் தொடக்கத்தில் நடந்தது. அந்தக் காலத்தில் இந்தக் குறைந்தபட்சக் கணக்கை முடிவு செய்தவர் நீதிபதி அல்ல, உள்துறை அமைச்சர்! 2002இல்தான், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் தீர்ப்பு அந்த அதிகாரத்தை அமைச்சரிடமிருந்து பிடுங்கியது. 1983இல் உள்துறை அமைச்சராக இருந்த லியோன் பிரிட்டன், போலீஸ்காரர்களைக் கொன்றவர்கள் போன்றோர் குறைந்தது 20 வருடமாவது உள்ளே இருக்க வேண்டும் என்று கொள்கை அறிவித்திருந்தார். அதோடு ஒப்பிட்டால் ரூத்துக்கு 15 வருடம் என்பது மலிவு. அவள் அப்போது இளவயதுப் பெண் என்பது ஒன்றுதான் கதைக்குள் இருக்கும் சமாதானம்.

நிஜத்தில் எப்படி நடக்கும் என்பதற்கு ஹாரி ராபர்ட்ஸ் உதாரணம். 1966இல் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் மூன்று போலீஸ்காரர்கள் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்றவர். 30 வருடமாவது உள்ளே இருக்க வேண்டும் என்றார் நீதிபதி. வெளியே வந்தது 2014இல், 48 வருடம் கழித்து. அப்போதும் போலீஸ் சங்கங்கள் கொதித்தன. 2015க்குப் பிறகு சட்டம் இன்னும் இறுகிவிட்டது. பணியில் இருக்கும் போலீஸ்காரரைக் கொன்றவருக்கு, அவர் 21 வயது நிரம்பியவரானால், சாகும்வரை வெளியே வர முடியாத தண்டனையிலிருந்துதான் கணக்கே தொடங்குகிறது.

அவள் 'பரோலில்' வந்திருக்கிறாளா, 'விடுதலை' ஆகிவிட்டாளா?

தமிழ் வாசகர்களை இந்தச் சொல் நிச்சயம் குழப்பும். நம் செய்தித்தாளில் பரோல் என்றால் தாயின் சாவுக்கோ மகளின் கல்யாணத்துக்கோ சில நாள் விடுப்பில் வருவது. நாள் முடிந்ததும் திரும்பிப் போக வேண்டும். இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. பரோல் வாரியம் விடுவித்த ஆள் திரும்பிப் போகத் தேவையில்லை. ஆனால் ஒரு காகிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வாழ வேண்டும்.

அந்தக் காகிதத்தின் பெயர் லைசென்ஸ். வண்டி ஓட்டுவதற்கு வாங்குவது போல, இது வெளியே நடமாடுவதற்கு அரசு கொடுக்கும் லைசென்ஸ். ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும். நன்னடத்தை அதிகாரியைச் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் பார்க்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்ட முகவரியில்தான் படுக்க வேண்டும், ஒப்புக்கொண்ட வேலையைத்தான் செய்ய வேண்டும். அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போகக் கூடாது. ஆளுக்கு ஏற்றபடி இன்னும் சில சேரும்: இன்னாரோடு தொடர்புகொள்ளக் கூடாது, இன்ன ஊருக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது.

ஆயுள் தண்டனைக் கைதிக்கு இந்த லைசென்ஸும் ஆயுளுக்குத்தான். சில வருடம் ஒழுங்காக இருந்தால் அதிகாரியைப் போய்ப் பார்க்கும் கட்டாயத்தைத் தளர்த்தலாம். சிறைக்குத் திரும்ப அழைக்கப்படும் வாய்ப்பு மட்டும் போகாது. திரும்ப அழைக்கப் புதிதாகக் குற்றம் செய்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை, நிபந்தனையை மீறினாலே போதும். இது தெரிந்து பார்த்தால் தொடரின் சாதாரணக் காட்சிகள்கூடப் பதற வைக்கும். யாராவது வம்புக்கு இழுத்தால் ரூத் ஏன் அடித்த கையைத் தடுக்கக்கூட யோசிக்கிறாள் என்று புரியும். மற்றவர்களுக்குத் தெருச் சண்டை தெருச் சண்டையோடு முடியும். அவளுக்கு அது பழைய சிறை அறையில் முடியலாம்.

சிறையிலிருந்து வரும்போது கையில் ஏதாவது கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தத் தொகை வருடக்கணக்கில் 46 பவுண்டாகவே கிடந்தது. விலைவாசி ஏறியது, அது ஏறவில்லை. 2021இல்தான் 76 பவுண்டாக்கினார்கள். தொடர் வந்த 2009இல் 46தான்.

வேலை கிடைக்குமா? பழைய வழக்கைச் சொல்லியே ஆக வேண்டுமா?

1974இல் ஒரு சட்டம் வந்தது. தண்டனை முடிந்து குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்தால், அந்தத் தண்டனை 'தீர்ந்துபோனது' என்று கணக்கு. பெரும்பாலான வேலைகளுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. சின்னத் தண்டனைக்காரர்களுக்கு இது பெரிய வரம். ரூத் போன்றவர்களுக்கு உதவாது, ஏனென்றால் ஆயுள் தண்டனை எந்த நாளும் தீராது. முதலாளி கேட்டால் சொல்லியாக வேண்டும்.

கேட்காத சக தொழிலாளியிடம் சொல்ல வேண்டுமா என்பது வேறு கேள்வி, பிராட் பகுதி முழுவதும் அதைப் பற்றித்தான். நல்ல மனிதன், இவளிடம் அன்பாக இருக்கிறான். எப்போது சொல்வது? முதல் நாளே சொன்னால் ஓடிவிடுவான். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் ஏமாற்றிவிட்டாய் என்பான்.

கைதிகளாக இருந்தவர்களை விரும்பி வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களும் அங்கே உண்டு. சாவி வெட்டி, செருப்பு பழுது பார்க்கும் டிம்ப்சன் கடைகள் அதற்குப் பேர்போனவை. அந்த நிறுவனத்தை நடத்திய ஜேம்ஸ் டிம்ப்சன் 2024இல் சிறைத்துறை அமைச்சராகவே ஆகிவிட்டார்.

ரூத் எழுதிய கடிதங்களைத் தத்தெடுத்த பெற்றோர் மறைத்துவிட்டார்களே, அது அநியாயம் இல்லையா?

தொடர் பார்த்த ஒவ்வொருவரும் கேட்பது. ரூத் சிறையிலிருந்து வருடக்கணக்கில் தங்கைக்கு எழுதுகிறாள், ஒன்றுக்கும் பதில் இல்லை. கேட்டியின் கைக்கு எதுவும் போகவில்லை.

முதலில் பார்த்தபோது எனக்கும் கோபம் வந்தது. இரண்டாவது முறை பார்த்தபோது ரேச்சலின் இடத்தில் உட்கார்ந்து யோசித்தேன். வீட்டுக்கு வந்திருப்பது பயந்து ஒடுங்கிய ஒரு குழந்தை. பழையது எதுவும் அதற்கு நினைவில்லை, அல்லது இல்லாதது போல் இருக்கிறது. மெல்ல மெல்லச் சிரிக்கத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் கொலைக் குற்றவாளியிடமிருந்து ஒரு உறை வருகிறது. எந்த வயதில் கொடுப்பது? எட்டில் முடியாது. பன்னிரண்டில் பள்ளிக்கூடம், பதினாறில் பரீட்சை. ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. அப்படியே தள்ளிப்போட்டு ஒரு நாள் பார்த்தால் அது பொய்யாக மாறிவிட்டிருக்கிறது. வெயின்ரைட் இந்த இடத்தில் யாரையும் வில்லன் ஆக்கவில்லை. எல்லோரும் குழந்தையின் நன்மைக்குத்தான் செய்கிறார்கள். குழந்தைக்கு வயது இருபதாகிவிட்டதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

தங்கையைத் தேடச் சட்டப்படி வழியே கிடையாதா?

இருந்தது. தொடர் இதைப் பெரிதாகச் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறது. இங்கிலாந்துச் சட்டப்படி தத்துக் கொடுத்துவிட்டால் பிறந்த குடும்பத்தோடு சட்ட உறவு அறுந்துவிடும். உடன்பிறந்தவள் என்பதற்காகப் பார்க்கும் உரிமை கிடையாது. ஆனால் 1991இலிருந்து ஒரு தொடர்புப் பதிவேடு உண்டு: தத்துப்போனவரும் பிறந்த குடும்பத்தாரும் தனித்தனியே பெயர் பதியலாம், இரண்டு பக்கமும் பதிந்திருந்தால் இணைப்பார்கள். 2005 டிசம்பர் கடைசியில் இன்னொரு வழியும் திறந்தது. தத்துப்போனவருக்கு 18 வயது ஆகிவிட்டால், அங்கீகாரம் பெற்ற இடைநிலை நிறுவனம் மூலம் பிறந்த குடும்பத்தார் அவரைத் தேடச் சொல்லலாம். அவர் சம்மதித்தால் மட்டுமே விவரம் இந்தப் பக்கம் வரும்.

கணக்குப் போட்டால் ரூத் வெளியே வரும்போது இந்த வழி திறந்துதான் இருக்கிறது. அவளுடைய வழக்கைப் பார்த்துவிட்டு நிறுவனம் மறுத்திருக்கலாம் என்பது உண்மை. ஆனாலும் கேட்டுப் பார்த்தாள் என்று ஒரு வசனம் வைத்திருக்கலாம். கதைக்கு வழக்கறிஞர் ஜான் தேவைப்பட்டார், அதனால் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

வீலன் சகோதரர்களை நாம் வெறுக்க வேண்டுமா?

அவர்களால் நடப்பதை வெறுக்கலாம். ஆனால் சிறு வயதில் அப்பாவை இழந்த பிள்ளைகள் அவர்கள். 'அவள் 15 வருடத்தில் வெளியே வந்துவிட்டாள், அப்பா எப்போது வருவார்' என்ற கணக்குக்கு எந்தச் சட்டத்திலும் விடை இல்லை. இங்கிலாந்தில் கடும் வன்முறைக் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர்களின் குடும்பத்துக்கு விடுதலை பற்றித் தெரிவிக்கும் கடமை 2001இலிருந்து சட்டத்தில் இருக்கிறது. லைசென்ஸில் என்ன நிபந்தனை வேண்டும் என்றும் அவர்கள் சொல்லலாம். அப்படி யாராவது அந்த இரண்டு பையன்களோடு ஒழுங்காக உட்கார்ந்து பேசியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

சுரான் ஜோன்ஸை இதற்கு முன் எங்கே பார்த்திருக்கிறோம்?

'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' நெடுந்தொடரில் 2000 முதல் 2004 வரை வாயாடி கேரனாக வந்தவர். பிரிட்டிஷ் பார்வையாளர்களுக்கு அவர் என்றாலே உரத்த குரல்தான். அந்தக் குரலைப் பறித்துக்கொண்டு நடிக்கச் சொன்னது ரூத் வேடம். பிறகு 'டாக்டர் ஃபாஸ்டர்', வெயின்ரைட்டே எழுதிய 'ஜென்டில்மேன் ஜாக்'.

வெயின்ரைட்டின் 'ஹாப்பி வேலி' தொடருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கதைத் தொடர்பு இல்லை. ஆனால் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டியவை. 2014இல் தொடங்கிய 'ஹாப்பி வேலி'யிலும் ஒருவன் சிறையிலிருந்து வெளியே வருவதுதான் எல்லாவற்றையும் கிளப்புகிறது. அங்கே நாம் நிற்பது மறுபக்கத்தில். தன் மகளின் சாவுக்குக் காரணமானவன் வெளியே வந்துவிட்டான் என்று கேள்விப்படும் தாய்தான் கதாநாயகி, அதிலும் அவர் போலீஸ் சார்ஜென்ட். 'அன்ஃபர்கிவன்' தொடரில் வீலன் பையன்கள் இருந்த இடத்தில் அங்கே கேத்தரின் கேவுட் இருக்கிறார். ஒரே எழுத்தாளர், ஐந்து வருட இடைவெளியில், மேஜையின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

சிறைக்குப் பிந்தைய வாழ்க்கை பற்றி வேறு பிரிட்டிஷ் தொடர்கள் உண்டா?

1978இல் தேம்ஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'அவுட்' ஆறு பகுதித் தொடரைக் கட்டாயம் பாருங்கள். எழுதியவர் டிரெவர் பிரெஸ்டன். டாம் பெல் நடித்த ஃபிராங்க் ராஸ், கொள்ளைக்காக எட்டு வருடம் உள்ளே இருந்துவிட்டு வருகிறான். மனைவி மனநல மருத்துவமனையில், மகன் கைமீறிப் போய்விட்டான். அவன் தேடுவதோ தன்னைக் காட்டிக்கொடுத்தவனை. அதே வருடம் பிபிசியில் 'கோயிங் ஸ்ட்ரெய்ட்' என்ற நகைச்சுவைத் தொடர், ரோனி பார்க்கர் நடித்தது. 'போரிட்ஜ்' என்ற முந்தைய சிறைத் தொடரில் புகழ்பெற்ற கைதிப் பாத்திரமான ஃபிளெட்சர் வெளியே வந்து திருந்தி வாழப் படும் பாடு. ஒரே விஷயம், ஒன்றில் கத்தி, ஒன்றில் சிரிப்பு.

'அவுட்' பார்த்துவிட்டு ரூத்திடம் வந்தால் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். யாரால் உள்ளே போனேன் என்று ஃபிராங்க் ராஸ் வீடு வீடாகக் கேட்கிறான். ரூத் அந்தக் கேள்வியை ஒரு முறைகூடக் கேட்பதில்லை. சின்னவள் எப்படி இருக்கிறாள் என்பதுதான் அவள் கேள்வி.

ஹாலிவுட்டில் எடுத்தார்களாமே?

2021இல் நெட்ஃபிளிக்ஸில் 'தி அன்ஃபர்கிவபிள்' என்று வந்தது. சாண்ட்ரா புல்லக் ரூத், இயக்கம் நோரா ஃபிங்ஷைட், களம் சியாட்டில். அங்கே 20 வருடச் சிறை, கொல்லப்பட்டவர் ஒரே அதிகாரி. புல்லக் உழைத்திருக்கிறார். வழக்கறிஞரின் மனைவியாக வயோலா டேவிஸ் வருவதால், கறுப்பினத்தவர் செய்திருந்தால் சட்டம் எப்படி நடந்திருக்கும் என்ற கேள்வி புதிதாகச் சேர்கிறது, அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் மூன்று பகுதியை இரண்டு மணி நேரத்துக்குள் அடைத்ததில் வளர்ப்புப் பெற்றோர் இடித்து நெருக்கப்பட்டுவிட்டார்கள். முதலில் பிரிட்டிஷ் தொடரைப் பாருங்கள்.

முடிவை மட்டும் சொல்லிவிடுங்களேன்?

மாட்டேன். மூன்று மணி நேரம்கூட இல்லாத தொடருக்கு அவ்வளவு அவசரம் வேண்டாம். பார்த்து முடித்த பிறகு ஒன்று செய்யுங்கள்: முதல் பகுதிக்குத் திரும்பப் போய், பண்ணைவீட்டுக்கு வெளியே நிற்கும் ரூத்தின் முகத்தை இன்னொரு முறை பாருங்கள்.